பாய்ந்து வரும் செல்வம்

ஆங்கில வகுப்பில் 'அஃப்ளுவென்ட்' என்னும் பெயருரிச்சொல் எதிர்ப்படுங்கால், அகராதியைப் புரட்டிச் 'செல்வம் மிக்க' என ஏட்டில் எழுதி அமைதியுறுகின்றோம். அவ்வமைதி பொருந்தாதென்பது எம் கருத்து. இச்சொல்லின் பொருள் பணப்பெட்டியுள் அன்று, ஆற்றுள் கிடக்கின்றது.

இலத்தீனில் 'அட்' என்பது 'நோக்கி' எனவும், 'ஃப்ளுவெரே' என்பது 'பாய்தல்' எனவும் பொருள்படும். இரண்டும் புணருங்கால் 'அட்' என்பதன் ஈற்றொலி வருமொழி முதலொலியாய்த் திரிந்தது. 'நல்', 'நூல்' என்பன 'நன்னூல்' ஆதலை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இஃது வியப்பன்று. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தபோது 'பெருகிப் பாய்கின்ற' என்றே இச்சொல் நின்றது. செல்வரைச் சிறப்பாகக் குறித்தல் 18ஆம் நூற்றாண்டில் ஊன்றிற்று. பின்னர்ப் பெயர்ச்சொல்லாகி உபநதியையும் உணர்த்தலாயிற்று.

ஈண்டு எம்மூராகிய பவானி நினைவுக்கு வருகின்றது. நீலகிரியிற் பிறந்து, கேரளத்துட் சென்று மீண்டு, கூடுதுறையிற் காவிரியோடு கலக்கும் பவானியாறு மெய்யான அஃப்ளுவென்ட். ஆறு கொண்டுவந்து கொடுக்கின்றது. செல்வரோ தம்பால் வந்து சேரப் பெறுகின்றார். கொடுப்பதும் பெறுவதும் ஒரு சொல்லுள் அடங்குதல் எம்மை உறுத்துகின்றது. (தமிழோ 'ஒழுகு' என்னும் வினையிலிருந்து 'ஒழுக்கம்' என்னும் சொல்லைப் படைத்துக்கொண்டது!)

முன்னொட்டை மாற்றி 'வெளியே' என்னும் பொருளுடைய 'எக்ஸ்' சேர்ப்பின் 'எஃப்ளுவென்ட்' ஆகும். இன்று அஃது ஆலைக் கழிவுநீர். கூடுதுறைக்குச் சற்று மேலே பவானியாற்றை மறித்துக் காலிங்கராயன் 13ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த வாய்க்கால், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்தோடி நொய்யலை அடைகின்றது. நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் அந்நீரால் விளைவன. அதன் கரையில் ஈரோட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் பெருகின. பணம் அவற்றை நோக்கிப் பாய்ந்தது; கழிவு வாய்க்காலை நோக்கிப் பாய்ந்தது. கழிவு கலவாதிருத்தற்பொருட்டு வாய்க்காலை ஒட்டித் தனி வடிகாலொன்று கட்டவும் நேர்ந்தது. நாட்டின் செல்வத்தைக் கணக்கிடுவோர் முன்னைச் சொல்லை உரக்கக் கூறிப் பின்னையதை விழுங்கிவிடுதல் முறையோ?

பின்னையதற்குக் 'கழிவுநீர்' என்னும் சொல் நம்மிடம் உளது. முன்னையதற்குப் 'பெருகுவளமுடைய' என்பதை முன்வைக்கின்றோம். நீரின் பொருள் இதனுள் ஓரளவேனும் நிற்கின்றது. இதனினும் நல்லதொன்று அறிந்தோர் அடுத்த மலரில் எழுதுவாராக.