கத்திக்கு முன் மாத்திரை!

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நாற்பத்தைந்தை நெருங்கும் பெண்கள் பலர் ஒரு துன்பத்தை வாய்திறந்து சொல்வதில்லை.

ஒரு மாதம் மாதவிலக்கு வராது. மறுமாதம் பத்து நாள் நிற்காது. இரவில் தூக்கம் இராது. மேலூர் வயலில் அதைச் சகித்துக்கொண்டே நாற்று நடுகிறார்கள்.

கடைசியில் சொந்தக்காரர்கள் கூறும் யோசனை என்ன? "கர்ப்பப்பையை எடுத்துவிடு!"

இது சரியா?

இந்த வயதில் சில மாதங்களில் சினைமுட்டை வெளிப்படுவதில்லை. அப்போது புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை. கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, தாறுமாறாக உதிர்கிறது. அந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் பலருக்கு உதிரப்போக்கு கட்டுப்படுகிறது. இரவில் சாப்பிட்டால் சிலருக்குத் தூக்கமும் வருகிறது.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பையைத் தேவையின்றி அகற்றியதாக வழக்கு வந்தது. அதைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் கைக்கொள்ளவேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

அதற்காகக் கடையில் மாத்திரையைத் தானே வாங்கி விழுங்கலாகாது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கடும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. முதலில் ஸ்கேன் எடுக்கவேண்டும். தேவையானால் உட்சவ்வைச் சோதிக்கவேண்டும். புற்று இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய்ப் பிரிவு இருக்கிறது. கூச்சத்தை விட்டுப் போகலாம்.

"எடுத்துத்தான் ஆகவேண்டுமா, டாக்டரம்மா? மருந்தில் தீராதா?"

கையெழுத்துப் போடுமுன் இதைக் கேட்பது பெண்ணின் உரிமை!