தாளமும் பழியும்



அமெரிக்க நாட்டில் 1967-ஆம் ஆண்டு முதல் 'சூப்பர் பவுல்' என்னும் கால்பந்து இறுதிப்போட்டி நடைபெற்று வருகின்றது. முதற்போட்டியின் இடைவேளையில் பல்கலைக்கழக மாணவர்களின் வாத்தியக் குழுக்கள் அணிவகுத்து இசைத்தன. இன்றோ அவ்விடைவேளை, உலகமே தொலைக்காட்சியில் கண்டு களிக்கும் இசைவிழாவாக வளர்ந்துவிட்டது. 2022-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே இங்கிள்வுட்டில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் அம்மேடையை முதன்மையாக ஏற்றனர். 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் கெண்ட்ரிக் லமார் என்னும் கறுப்பின இளைஞர் பாடியபோது, அமெரிக்காவில் மட்டும் 13 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். நம் பிள்ளைகளும் அதைக் கைப்பேசியில் பார்த்திருப்பர்.

"இது பாட்டா, இரைச்சலா?" என்று நாம் முகம் சுளிக்கின்றோம். சற்றுப் பொறுப்போம். ஹிப்-ஹாப் அரண்மனையில் பிறந்ததன்று. 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த இளைஞர் விருந்திலிருந்தே அதன் வரலாற்றைத் தொடங்குவர். பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் வேண்டிப் பெண்ணொருத்தி அவ்விருந்தை ஏற்பாடு செய்தாள். அவள் அண்ணன் கூல் ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழற்றி, மேளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டினார். அத்தாளத்தின்மேல் ஏழை எளியோர் தம் துயரத்தையும் சினத்தையும் பேச்சாக ஏற்றினர்.

பேழையின் முன் தாவீது அரசர் ஆடியபோது, சவுலின் மகள் மீக்கால் சன்னல் வழியாகப் பார்த்து இகழ்ந்தாள். ஆண்டவரோ அந்த ஆட்டத்தை இகழவில்லை. லமாரின் மேடையிலும் ஒரு மீக்கால் உண்டு! நடிகர் சாமுவேல் ஜாக்சன், அமெரிக்க நாட்டின் உருவகமான 'அங்கிள் சாம்' வேடத்தில் வந்து, 'சத்தம் மிகுதி' என்று கண்டித்துக்கொண்டே இருந்தார். சிவப்பு, வெள்ளை, நீல உடையணிந்த ஆட்டக்காரர்கள் நாட்டுக் கொடியாக நின்று, பின் இரண்டாகப் பிரிந்தனர். பிளவுண்ட நாட்டின் காயத்தைச் சொல்லாமற் சொன்ன காட்சி அது. 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற கலைஞரின் ஆற்றலை நாம் மறுக்க இயலாது.

ஆகவே மேளத்தின்மீது எமக்குக் குறையில்லை. எம் கவலை வேறு.

அவ்வாண்டு ஐந்து கிராமி விருதுகள் பெற்ற பாடல், மற்றொரு பாடகரை இழித்துரைப்பது. இருவரும் 2024-இல் மாறி மாறி வசைபாடினர். அப்பாடல் அவர்மீது சுமத்தும் பழி மிகக் கொடியது. அவர் அதை மறுத்துள்ளார். எந்த நீதிமன்றமும் அதை மெய்ப்பிக்கவில்லை. அவர் பெயரை இங்கு எழுதிப் பழியைப் பரப்ப மனம் வரவில்லை. மேடையில் லமார் மிகக் கடுமையான சொல்லைத் தவிர்த்தார். ஆயினும் ஏளன வரி வந்தபோது, அரங்கமே ஒரே குரலாய்ச் சேர்ந்து பாடியது.

பழிக்கப்பட்டவர் இசைத்தட்டு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். காரசாரமான பாட்டுப் போரில் வீசிய சொற்களை அறிவுடையோர் மெய்க்கூற்றாகக் கொள்ளார் எனக் கூறி, 2025 அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் அளவுகோல் அது. எட்டாம் கட்டளையின் அளவுகோலோ இன்னும் நுண்ணியது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் மூன்று குற்றங்களை எண்ணுகின்றது: போதிய ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளியெனத் தீர்ப்பது, தக்க காரணமின்றிப் பிறர் குறையை வெளியிடுவது, பொய்யுரைத்துப் பிறர் பெயரைக் கெடுப்பது. பாடியவர் இவற்றில் எதற்கு உட்பட்டார் என்பதை இறைவன் அறிவார். எதுவும் அறியாமல் கூடச் சேர்ந்து பாடியவர் முதற்குற்றத்திற்குத் தப்புவரோ?

தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிட்டால் போதுமா? 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தீயவை இல்லத்தினுள் நுழையாது காப்பது பெற்றோரின் கடமை என்றது. காண்பதையும் கேட்பதையும் ஆசிரியரோடும் அறிந்தோரோடும் கலந்துரையாடிச் சீர்தூக்கப் பழகுமாறு இளையோரையும் அழைத்தது. எனவே பிள்ளையருகே அமருங்கள். "இவ்வரியின் பொருள் என்ன? இது மெய்யென நீ எப்படி அறிவாய்? உன் தம்பியைப் பற்றி ஊரார் இப்படிப் பாடினால் பொறுப்பாயா?" என்று அன்போடு கேளுங்கள். தாளத்தை இகழாதீர்கள், இகழ்ந்தால் செவி மூடிக்கொள்ளும்.

ஆனால் அக்கேள்விகளைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டா? ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது, அண்டை வீட்டுப் பெண்ணைப் பற்றி நாம் பேசுவதென்ன? அங்கே மேளமில்லை, ஒளிவிளக்கில்லை. பழி மட்டும் அதுவே. பிள்ளைகள் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இறைவனைப் போற்றும் நாவே மனிதரைச் சபிக்கவும் செய்கின்றதே என யாகப்பர் வருந்தினார். இன்றிரவு செபமாலை சொல்லுமுன், நம் சொல்லால் புண்பட்ட ஒருவரையேனும் நினைவுகூர்ந்து, அவருக்காக ஒரு மணியை ஒப்புக்கொடுப்போம். நாளை அவரைப் பற்றி நல்லதொரு சொல்லைப் பிள்ளைகள் கேட்கச் சொல்வோம்.