வேலை வேறு, பயிற்சி வேறு

தோட்டத்தில் இருப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. "காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பெரட்டுக்குப் போறவன், சாயங்காலம் வேற தண்டால் எடுக்கணுமா?" என்று சிரிப்பார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். நாமும் வெகுகாலம் அப்படியே எண்ணியிருந்தோம். சில மாதங்களுக்கு முன்பு ஒரு செம்பனைத் தோட்டத்தில், ஒரு வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து பேசியதுதான் அந்த எண்ணத்தை மாற்றியது.

அந்த வீட்டுப் பெரியவருக்கு 60 வயதைக் கடந்துவிட்டது. பால்மரம் இருந்த காலத்தில் பால் வெட்டியவர். மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டியவர். மகனுக்கு 21 வயது. பக்கத்து டவுனில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. உடம்பை ஏற்ற வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"டவுன்ல ஜிம் இருக்குங்கண்ணே. மாசம் நூத்தி இருவது வெள்ளி. மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய்க்காசு வேற. ரெண்டு மாசம் போனேன், விட்டுட்டேன்" என்றான்.

2025-ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வீட்டுக்குக் கொடுத்தது போக, மோட்டார்சைக்கிள் தவணை போக, கையில் நிற்பதில் 120 வெள்ளி சின்னத் தொகையல்ல. இதற்கிடையே தசை வளர்க்கும் மாவு என்று ஒரு பெரிய டின் வேறு வாங்கி வைத்திருக்கிறான். "அந்தக் காசுக்கு எத்தனை தட்டு முட்டை வாங்கலாம், சொல்லுங்க தம்பி" என்று உள்ளேயிருந்து அவன் தாயார் குரல் கொடுத்தார்.

பெரியவருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "நாங்க எந்த ஜிம்முக்குங்கய்யா போனோம்? காண்டாக்கம்புல ரெண்டு வாளிப் பால மாட்டிக்கிட்டு மேடு பள்ளம் பாக்காம ஸ்டோருக்கு நடப்போம். இவன் பத்துக் கிலோ அரிசிய எறக்குறதுக்குள்ள மூச்சு வாங்குறான்!"

சொன்னதில் பொய் இல்லை. வாளி இரண்டும் நிறைந்தால் நாற்பது கிலோ அளவுக்கு வரும். அதைத் தூக்கியவர்தான் அவர். ஆனால் கொடியில் கிடந்த சட்டையை எடுக்க எழுந்தபோது ஒன்றைக் கவனித்தோம். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. ஒரு தோள் தாழ்ந்து, மற்றது உயர்ந்து நின்றது. தேநீர் கொண்டுவந்த அம்மா தரையில் உட்கார்ந்தார். திரும்ப எழும்போது கதவுநிலையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. இருவருமே இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

நாற்பது ஆண்டு உழைத்துத் தேய்ந்த உடம்பு ஒன்று. சுமையே அறியாத இளம் உடம்பு ஒன்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ்.

உழைத்த உடம்பு ஏன் இப்படித் தேய்ந்தது? எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. தசை வளர்வதற்குச் சுமை வேண்டும். அதே அளவுக்கு ஓய்வும் வேண்டும். சுமை தாங்கிய தசை, ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் முன்பைவிடக் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. அடுத்த முறை சுமையைச் சற்றே கூட்டினால் மேலும் கெட்டிப்படும். தோட்ட வேலையில் இது நடப்பதில்லை. நேற்றுத் தூக்கியதையேதான் இன்றும் தூக்க வேண்டும். இடுப்புப் பிடித்துக்கொண்டாலும் நிரையை முடித்தாக வேண்டும். பால் வெட்டுகிறவர் ஒரே பக்கம் வளைகிறார். குலை வெட்டுகிறவர் நீண்ட கோலைப் பிடித்துக்கொண்டு கழுத்தை அண்ணாந்தபடியே பாதி நாளைக் கழிக்கிறார். எந்தச் சுமையை, எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்வது அவர் உடம்பு அல்ல; குலைக் கணக்கும் மண்டோரும்தான்.

பயிற்சியில் அந்த அதிகாரம் நம் கைக்கு வருகிறது. நமது கருத்தில் முழு வேறுபாடும் இதில்தான் இருக்கிறது. இன்று முடியவில்லை என்றால் நிறுத்தலாம். நாளை ஒரு கிலோ கூட்டலாம். வலது கைக்குச் செய்ததை இடது கைக்கும் செய்யலாம். இந்த அதிகாரத்துக்கு மாதம் 120 வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை.

நம் பாட்டன்மார் விட்டு வந்த ஊர்களில் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. உருண்டையான கல். அதைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுகிறவனே இளவட்டம் என்று மதிக்கப்பட்டான். முதல் நாளே எவனும் அதைத் தோளுக்கு ஏற்றிவிடுவதில்லை. அசைக்கப் பழகி, முழங்கால் வரை தூக்கப் பழகி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகே தோள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில் நாம் கைதட்டி ரசித்த எம்.ஜி.ஆர். சிலம்பமும் கர்லாக்கட்டையும் பழகியவர். அவரை வைத்துப் படமெடுத்த சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' என்று ஒட்டிக்கொண்டதே, யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியப் பலசாலியின் பெயரால்தான். தேவரும் உடற்பயிற்சியில் ஊறியவர். அந்தக் காலத்துத் தமிழனுக்கு உடம்பை வளர்க்கக் கண்ணாடி பதித்த கூடம் தேவைப்படவில்லை.

சரி, ஒன்றுமே செய்திராத ஒருவர் எப்படித் தொடங்குவது? அந்தப் பையனிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்.

வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம். காலில் இருந்து தொடங்க வேண்டும். நெஞ்சையும் கையையும் மட்டும் புடைக்க வைத்துக்கொண்டு கொக்குக் காலோடு திரியும் இளைஞர்களை டவுன் பக்கம் பார்க்கிறோம்; அது அழகும் அல்ல, பலமும் அல்ல. ஒரு நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்தால் அதுவே முதல் பாடம். பத்து முறை செய்து, இரண்டு நிமிடம் நின்று, மீண்டும் பத்து. அப்படி மூன்று தடவை. அது எளிதாகிவிட்டால் நாற்காலியை எடுத்துவிட்டுச் செய்யலாம். அதுவும் எளிதானால் 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யலாம். பிறகு 10 கிலோ. அதன் பின் படியில் ஒற்றைக்காலை வைத்து ஏறி இறங்கலாம். அந்த நிலைக்கு வர மாதங்கள் ஆகும்.

தண்டாலும் அப்படியே. எடுத்த எடுப்பில் தரையில் விழுந்து, நாலு தண்டாலில் மூச்சு முட்டி, "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டவர்கள்தான் ஏராளம். முதலில் சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். அடுத்து பெஞ்சு, அடுத்து தாழ்ந்த படி, கடைசியில் தரை. கை தாழத் தாழச் சுமை கூடுகிறது. இரும்புத் தட்டு மாட்டும் வேலையை இங்கே தரையின் உயரம் செய்துகொடுக்கிறது.

இழுக்கும் பயிற்சியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதுகுக்கு அதுவே மருந்து. கைப்பிடியுள்ள வாளி ஒன்றை எடுங்கள். ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறுகையால் வாளியை இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே அளவு காய்ந்த மணல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. வாரம் ஒரு கைப்பிடி மணல் கூட்டிக்கொண்டே போகலாம், தராசுகூட வேண்டாம். முடிவில் இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை. காண்டாவில் மாட்டி ஒரு தோளில் தூக்க வேண்டாம். அது போதும்.

எத்தனை முறை என்று கேட்டால், எட்டிலிருந்து பதினைந்துக்குள் நிற்பது நல்லது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். ஆனால் முதுகு கூனத் தொடங்கினால், மூச்சை அடக்கினால்தான் முடிகிறது என்றால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுமை குறைவாக இருந்தாலும், தசை களைக்கும் வரை செய்தால், கனத்த இரும்பைத் தூக்குகிறவனுக்கு வளர்வதுபோலவே தசை வளர்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. எடை தூக்கும் போட்டிக்குப் போகிறவனுக்குத்தான் கனத்த இரும்பு கட்டாயம். நமக்கு மணல்வாளி போதும்.

முக்கியமாக, ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கிராணி செக்ரோல் எழுதுவதுபோல ஒவ்வொரு நாளும் எத்தனை முறை, எவ்வளவு சுமை என்று எழுதிவைக்க வேண்டும். முதல் மூன்று நாலு வாரங்களில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஆனால் நோட்டில் எண்ணிக்கை ஏறும். இருக்கிற தசையை ஒழுங்காக ஏவ நரம்புகள் பழகிக்கொள்ளும் காலம் அது. தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். கண்ணாடியை மட்டும் நம்பியவன் அதற்குள் விட்டுவிடுவான்.

இன்றும் குலை வெட்டப் போகிற தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்கு மேலும் சுமை தூக்கும் பயிற்சி அவசியமில்லை. வேலை எந்தப் பக்கம் வளைக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இயங்குவதுதான் தேவை. வாரம் இரண்டு முறை, கால்மணி நேரம், சுவர்த் தண்டாலும் வாளி இழுப்பும் செய்தால் போதுமானது. ஓய்வு நாளில் நன்றாகத் தூங்குங்கள். அதுவும் பயிற்சியில் சேர்ந்ததே.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா சொன்னதே சரி. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். தெம்பே, தவு, பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, நெத்திலி, டின் சார்டின் எல்லாமே நம் கடையில் கிடைப்பவை. நம் தட்டில் குறை எது என்றால், சோறு மலையாகவும் குழம்பு ஆறாகவும் இருக்க, புரதம் ஓரத்தில் ஒரு துண்டாகக் கிடப்பதுதான். அதை மாற்றினால் மாவு டின் வேண்டாம். ஊசி போட்டால் உடம்பு ஏறும் என்று யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தை விட்டே எழுந்து வந்துவிடுங்கள். அது இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

இதெல்லாம் வாலிபர்களின் அலங்கார ஆசை என்று தள்ளிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. இனவாரியாக நாமே முதலிடம். பரிசு வாங்கும் முதலிடமா இது? நாம் சாப்பிடும் மாவுச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும்போது, அதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரைக்குப் போக இடம் குறைகிறது. முப்பது வயதுக்கு மேல் தசை சிறிது சிறிதாகக் கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், பெரியவர்கள் எல்லாரும் வாரம் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பெண்களுக்கும் முதியோருக்கும் அதில் விலக்கு இல்லை. கதவுநிலையைப் பிடித்து எழும் தாய்மார்களுக்கு அந்த நாற்காலிப் பயிற்சி மகனைவிட அதிகம் தேவை என்பதே நம் எண்ணம்.

இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் தொடங்குமுன் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். புரதத்தைக் கூட்டலாமா என்பதையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முக்கியமாக, அங்கேயே கேட்க வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அத்தோடு சரி.

ஒன்று மட்டும் வீட்டில் கிடைக்காது. பிடித்துத் தொங்க ஓர் இரும்புக் கம்பி. அந்தத் தோட்டத்தில் பழைய திடல் இப்போது இல்லை. ஆனால் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இடம் இருக்கிறது. இரண்டு குழாயை நட்டுக் குறுக்கே ஒன்றை வைத்து, அடியில் சிமெண்டு போட்டுவிட்டால் பத்துப் பிள்ளைகள் தொங்குவார்கள். திருவிழாவில் ஒலிபெருக்கி வாடகைக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கோயில் தலைவரிடம் அதைக் கேட்டுவிட்டு வந்தோம். "பேசிப் பார்க்கலாங்க" என்றார்.

போன வாரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். பையன் தரையில் 12 தண்டால் எடுத்துக் காட்டினான். நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அவன் பெயருக்குக் கீழே "அம்மா" என்று ஒரு வரிசை. நாற்காலியில் ஐந்து முறையில் தொடங்கிப் பதினொன்றுக்கு வந்திருந்தது. அதற்கும் கீழே பெயர் இல்லாமல் ஒரு வரிசை, பென்சிலில் கோடு கோடாக. கிளினிக்கில் தோளைக் காட்டி, அவர்கள் சொல்லிக்கொடுத்த சுவர்ப் பயிற்சியை யாரும் பார்க்காத நேரத்தில் பெரியவர் செய்கிறாராம்.

கம்பி விவகாரம் மட்டும் இன்னும் பேசப்பட்டுக்கொண்டே இருக்கிறது.