வண்டியும் வழியும்: தாழ்த்திய காரின் பின்புறம்

புனேயில் பணிபுரியும் அன்பர் ஒருவர், 2022-இல் இந்திய விற்பனை நின்றுபோன தமது போலோ காரை 30 மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டு, பின்புறத்தில் இனி எதை மாற்றலாம் என வினவுகிறார். குடும்பத்துடன் சேலம் சென்றபோது வேகத்தடைதோறும் பின்பக்கம் தடாரென இடித்ததாம். பின்னிருக்கையில் இருந்தவரோ முதுகுவலியால் வருந்தும் தந்தையார்!

காரணம் எளிது. வண்டி தாழ்ந்த அளவுக்குச் சக்கரம் மேலெழும் இடமும் குறைந்துவிட்டது. ஆட்களும் மூட்டைகளும் ஏறியபின் எஞ்சியதும் போய், தடுப்பு ரப்பரின்மீதே வண்டி அமர்கின்றது. வேகத்தடைக்கு வகுத்த உயரம் 10 செ.மீ.; நம் தெருக்களில் அதை யார் அளக்கிறார்கள்! ஆகவே, முழுச் சுமையுடன் வண்டியை நிறுத்தி, மீதமுள்ள இடத்தை முதலில் அளந்து பாருங்கள்.

போலோவின் பின்புறத்தில் சுருள்வில் வேறு, ஷாக் அப்ஸார்பர் வேறு. குட்டையான, இறுகிய வில்லின் துள்ளலைப் பழைய ஷாக் அப்ஸார்பர் அடக்காது. இரண்டையும் பொருத்தமாகவே வாங்கவேண்டும். பழைய வில்லை அறுத்துத் தருவதாகச் சொல்லும் மெக்கானிக்கிடம் போகவே வேண்டாம். ஜாக்கியில் தூக்கும்போது அறுத்த வில் தன் இடத்தைவிட்டு நழுவக்கூடும்.

பின்புறத்திற்குத் தடித்த ஆன்ட்டி-ரோல் பார் வேண்டுமா எனவும் கேட்டுள்ளார். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டியை அது வளைவில் சுறுசுறுப்பாகத் திருப்பும், உண்மையே. மழைக்கால மலைப்பாதையில் பின்பக்கத்தை வழுக்கவும் செய்யும். தந்தையார் ஏறும் வண்டிக்கு அது வேண்டாம் என்பேன். உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் வகையை வாங்கி, 15 மில்லிமீட்டர் தாழ்வில் நிறுத்துங்கள். செலவு சற்றுக் கூடும். வேலை முடிந்ததும் முன்விளக்கின் கோணத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.