இரவல் குரல்

பேசாப் படம் என்றாலே நமக்குச் சாப்ளினின் தொப்பியும் தடியும்தான் ஞாபகம் வரும். சகோதரிகளே, அந்தக் காலத்து நட்சத்திரம் ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் லூயிஸ் புரூக்ஸ். புருவம் வரை கத்தரித்து விட்ட கறுகறுவென்ற தலைமயிர். 'கிராப்பு' என்றே சொல்லிவிடலாம். அதைப் பார்த்து எத்தனை பெண்கள் கத்தரிக்கோலை எடுத்தார்களோ!

1906-இல் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 15 வயதில் டெனிஷான் நடனக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக ஆடினார். குழுவின் தலைவி ரூத் ஸெயின்ட் டெனிஸ், பாட்டும் ஆட்டமும் கோமாளி வித்தையும் ஒரே மேடையில் வருகிற 'வாடெவில்' கொட்டகைகளில் ஆடிப் பழகியவர். 'ராதா' என்று நம் நாட்டுப் பெயரிலேயே ஒரு நடனம் அமைத்துப் புகழ் பெற்றவர். கண்டிப்பில் நம் பாட்டு வாத்தியார்களைத் தோற்கடிப்பார்! 1924-இல் எல்லோர் எதிரிலும் லூயிஸைக் குழுவிலிருந்து விலக்கினார். பெண் அசரவில்லை. மறு வருஷமே நியூயார்க்கில் ஸீக்ஃபெல்ட் மேடையில் ஆடினார். அதே வருஷம் பாரமவுண்ட் படக் கம்பெனியும் அழைத்துக்கொண்டது.

1928-இல் பேசும் படங்கள் பெருகின. 'உங்கள் குரல் எடுபடுமோ என்னவோ' என்ற சாக்கில் முதலாளிகள் சம்பள உயர்வுக்குக் கையை விரித்தார்கள். வாரம் 750 டாலருக்கே இரு, இல்லாவிட்டால் போ என்றார்கள். போகிறேன் என்று கிளம்பிவிட்டார் லூயிஸ்! பெர்லினில் டைரக்டர் பாப்ஸ்ட் 1000 டாலர் தந்தார். அங்கே எடுத்த 'பண்டோராவின் பெட்டி' 1929-இல் வெளிவந்தது. இன்று உலகம் போற்றும் அந்தப் படத்தை அன்று ரசித்தவர் சொற்பம்.

திரும்பி வந்ததும் பாரமவுண்ட் கூப்பிட்டது. மௌனமாக எடுத்திருந்த 'கானரி' கொலைக் கதைக்கு இப்போது குரல் வேண்டுமாம். முடியாது என்றார். மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற நடிகையின் குரலை ஒட்டிப் படத்தை வெளியிட்டார்கள். லூயிஸின் குரல் பேசும் படத்துக்கு லாயக்கில்லை என்று வதந்தியும் பரவியது. அந்தப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்தான் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு இந்தத் தண்டனை அடுக்குமா? பிறகு ஹாலிவுட்டில் கிடைத்தவை பெரும்பாலும் சில்லறை வேஷங்கள். 1938-இல் கடைசிப் படம்.

அப்புறம் ஊருக்குப் போய் நடனப் பள்ளி வைத்தார், நடக்கவில்லை. வேடிக்கை என்ன தெரியுமா? 1940-களில் நியூயார்க் ரேடியோ நாடகங்களில் அதே 'லாயக்கில்லாத' குரலில் பேசினார்! அதுவும் நிலைக்காமல், பெரிய ஜவுளிக் கடையொன்றில் வாரம் 40 டாலருக்கு விற்பனைப் பெண்ணாக நின்றார். வாங்க வந்தவர்களில் அடையாளம் கண்டவர் யாரேனும் இருந்திருப்பார்களா?

1950-களில் பாரிஸில் பழைய படங்களைச் சேகரிப்பவர்கள் அவரை மறுபடி கண்டுபிடித்தார்கள். 1956-இல் ஜேம்ஸ் கார்ட் என்பவர் ராச்செஸ்டர் நகரத்துக்கு அழைத்து வந்தார். அங்கே தம் பழைய படங்களைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். முதலாளிகள் நட்சத்திரங்களை நடத்திய விதத்தையும், தம் அசட்டுத்தனங்களையும் ஒளிக்காமல் எழுதினார். அந்தக் கட்டுரைகள் 1982-இல் 'லூலு இன் ஹாலிவுட்' என்று புத்தகமாயின. 1985-இல் காலமானார்.

அந்தக் கொலைக் கதை இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. சந்தர்ப்பம் வாய்த்தால் பாருங்கள். முகம் லூயிஸுடையது, வாயைத் திறந்தால் வருவது மார்கரெட்டின் குரல்.