குடல் கேன்சர்: ஆபரேஷன் முடிஞ்ச பிறகு கீமோ எதுக்கு?

1/
"கட்டியைத்தான் எடுத்தாச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு கீமோ?"
பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன வீட்டில் எல்லாரும் கேட்பது. நியாயமான கேள்வி. பதில் ஆளுக்கு ஆள் மாறும். அது உங்க பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கு.

2/
வெட்டி எடுத்த குடலோடு பக்கத்து நிணநீர் முடிச்சுகளும் லேபுக்குப் போகும். "நெறி கட்டியிருக்கு"ன்னு சொல்வோமே, அந்த நெறிகள்தான். குறைஞ்சது 12 நெறிகளாவது பார்த்திருக்கணும். ஸ்டேஜ் அதை வைத்துத்தான் முடிவாகும்.

3/
ஸ்டேஜ் 1: புற்று குடல் சுவருக்குள்ளேயே நிற்கிறது. கீமோ வேண்டாம். "ஒரு பாதுகாப்புக்குப் போட்டு விடுங்க"ன்னு கேட்காதீங்க. பலன் இருக்காது, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

4/
ஸ்டேஜ் 2: சுவரின் தசையைத் தாண்டியிருக்கு, நெறியில் இல்லை. இங்கேதான் உட்கார்ந்து பேசணும். மொத்தமாகப் பார்த்தால் கீமோவால் கூடுதல் பலன் 100 பேரில் 3, 4 பேருக்குத்தான். ஆனால் குடல் அடைத்தோ, ஓட்டை விழுந்தோ வந்தவர்களுக்கு ரிஸ்க் அதிகம், அவர்களுக்கு யோசிக்கலாம். எம்எஸ்ஐ டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்க, முடிவெடுக்க உதவும்.

5/
ஸ்டேஜ் 3: நெறிக்குப் பரவிவிட்டது, வேறு உறுப்புக்குப் போகவில்லை. உடம்பு தாங்கும் என்றால் கீமோவைத் தவிர்க்கவே கூடாது. ஸ்கேனுக்கும் சிக்காத செல்களுக்குத்தான் இந்த மருந்து. 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபரேஷனோடு நிறுத்தியவர்களைவிட மருந்தும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 41 சதவீதம் குறைந்தது. இன்றைய மருந்துகள் அதைவிட மேல்.

6/
"ஆறு மாசமா?" எல்லாருக்கும் இல்லை. 12,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. ஸ்டேஜ் 3-லேயே ரிஸ்க் குறைவானவர்களுக்கு 3 மாதம் போதும்: 3 வாரத்துக்கு ஒரு டிரிப், 14 நாள் மாத்திரை, மொத்தம் 4 ரவுண்டு. ஆபரேஷன் முடிந்து 8 வாரத்துக்குள் தொடங்கிடணும்.

7/
இந்த மருந்துகளில் முடி மொத்தமாகக் கொட்டுவது அபூர்வம். கைகால் மரத்துப்போகும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர்னு இருக்கும், வயிற்றுப்போக்கு வரலாம். சொன்னால் டோஸைக் குறைக்கலாம். காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாங்க.

8/
இனி என் கருத்து.
"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க, குடல்ல புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம்." உங்க பாசம் புரியுது. ஆனா புண்ணு ஆறி நல்லா நடமாடுறவர், குமட்ட வைக்கிற மருந்துக்காக மூணு வாரத்துக்கு ஒருதடவை ஏன் பஸ் ஏறி வரணும்? ரெண்டாவது ரவுண்டோட நின்னுடுவார். நிக்கிறது அவர் தப்பில்ல. எதுக்குன்னு அவருக்கு யாருமே சொல்லல. சொல்லுங்க, நாங்களும் கூட இருந்து சொல்றோம்.

9/
எங்க பக்கமும் வேலை இருக்கு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டேஜையும் அடுத்து வரவேண்டிய தேதியையும் தமிழில் எழுதித் தரணும்.
நீங்க மூணே கேள்வி கேளுங்க: என்ன ஸ்டேஜ்? எத்தனை நெறி பார்த்தாங்க, எத்தனையில இருந்தது? கீமோ எனக்கு எவ்வளவு கூடுதல் பலன் தரும்?
முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவும் உண்டு. காசுக்குப் பயந்து நிறுத்தாதீங்க.