அம்மாவிடம் கேட்டாயா, தம்பி?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி எழுதுறேன்" என்றேன். பக்கத்து பெஞ்சுக்காரன் சிரித்தான். "அது பொம்பளைங்க சமாச்சாரம்டா, உனக்கு எதுக்கு?" என்றான். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

என் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் உதிரம் பட ஆரம்பித்தது. கூடவே வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும். வீட்டில் மூன்றும் ஆம்பளைப் பிள்ளைகள். யாரிடம் சொல்வாள்? ஒரு வருஷம் மூடி மறைத்தாள். மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே!" என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையை என் அண்ணன்மார் இன்னும் சுமக்கிறார்கள். பெரியம்மா இல்லை.

நம் ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? மெஷின் நின்ற பிறகு கழற்றுவது நஷ்டம்; ஓடும்போதே பார்ப்பதுதான் பராமரிப்பு. லேத் மெஷினுக்கு ஆயில் விடக்கூட சார்ட் எழுதி மாட்டுகிறோம். பெற்றவளுக்கு?

இந்த நோய்க்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். எச்.பி.வி. என்ற வைரஸ்தான் இதற்குக் காரணம். இதைக் கண்டு சொன்ன ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ் இது. பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால், புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதாவது, கண்டுபிடிக்க அத்தனை வருஷ அவகாசம்! ஆகவே இது 'கெட்ட நடத்தை'யால் வரும் நோய் என்று வாய்க்கு வந்தபடி பேசுவது அறியாமை மட்டுமல்ல, பாவமும்கூட. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெண்கள் வாய் திறப்பதில்லை.

சோதனை பெரிய விஷயமா? இல்லை. நம் வீட்டு வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்துப் பார்ப்பார்கள். கெட ஆரம்பித்த இடம் வெளுத்துக் காட்டும். சில நிமிஷ வேலைதான்.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இதை 2000-ல் தொடங்கி நிரூபித்துக் காட்டினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே ஒரு தடவை சோதித்ததில், சோதனைக்கு அழைக்கப்படாத பகுதிகளைவிட இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு இது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அழைக்கப்பட்டவர்கள் 49,311 பெண்கள். வந்தவர்கள் 31,343 பேர். கிட்டத்தட்ட 18,000 பேர் வரவே இல்லை!

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்" என்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்குச் சோதனை இலவசம். சிறுமிகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. 2023-ல் நம் நாட்டுத் தயாரிப்பே விற்பனைக்கு வந்துவிட்டது. இத்தனை இருந்தும் 2022-ல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 80,000 பெண்கள் இந்த நோய்க்குப் பலியானதாக உலகக் கணக்கீடு சொல்கிறது. குறை மருந்தில் மட்டும் இல்லை நண்பர்களே, நம் வீட்டு மௌனத்திலும் இருக்கிறது.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். விடுதியில் நமக்குச் சோறு ஆக்கிப்போடும் அம்மாக்களுக்கும், வகுப்பறையைப் பெருக்கும் அக்காக்களுக்கும் சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு வாங்கித் தருவோம். நம் மாணவிகள் துணைக்குப் போகட்டும். அன்றைக்கு ஒரு வேளை சமையலை நாம் பார்த்துக்கொள்வோம். சாம்பார் உப்புக் கரித்தாலும் பரவாயில்லை!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா, தம்பி? "அம்மா, டெஸ்ட் பண்ணிட்டியா?" என்று கேள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். என் அண்ணன்மாருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு